ஒரு கூடம் கிடைத்தால் போதும்
அருங்காட்சியகக் காப்பாட்சியர் ஒருவர் தன் ஊர் இளம் ஓவியர்களுக்கு இடம் கொடுத்து வளர்த்த கதையைப் படித்ததும் எங்க குமரி மாவட்டம்தான் நினைவுக்கு வந்தது. கொச்சியில் 2012-ல் ஓவியர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் பழைய கிடங்குகளில் பினாலே என்ற ஈராண்டுக்கொரு முறை நடக்கும் கலைக் கண்காட்சியை நடத்திக் காட்டினார்கள். இங்கே என்ன குறை? நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்பவர் வெள்ளியில் அரக்கு நிரப்பி, கெம்புக் கல் பதித்து, சுற்றிலும் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தகட்டை, மூச்சடக்கி அழுத்துவதை அரைமணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன். அந்தக் கையையும் இன்றைய சிற்பிகளையும் ஒரே அறையில் உட்கார வைக்க ஓர் ஆள் வேண்டும். திருநந்திக்கரைக் குகைச் சுவரில் மங்கிக் கிடக்கும் ஓவியத்தையும் அவர்தான் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். கன்னியாகுமரி அரசு அருங்காட்சியகத்தில் வருஷத்துக்கு ஒரு மாதம், உள்ளூர்க் கலைஞர்களுக்கு ஒரு கூடம் ஒதுக்குங்கள் ஐயா.