டில்லிக் குளிரில் ராத்திரியை விடுங்கள், பகலைப் பாருங்கள்

டில்லிக் குளிர் என்றதும் நம் ஊர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை டிகிரி?" என்பதுதான். சென்னையிலிருந்து சித்தப்பா போன் செய்தால் "சாப்பிட்டியா"வுக்கு முன்னாலேயே அது வந்துவிடும். "நாலு" என்றால் "அடேயப்பா!" என்பார். "பத்து" என்று சொன்னால் சப்பென்று போய்விடும். "அவ்வளவுதானா? ஊட்டில இதைவிடக் கம்மியாச்சே!"

டிவிக்காரர்களுக்கும் அதே வியாதிதான். சப்தர்ஜங் வானிலை நிலையத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை எவ்வளவு இறங்கியது என்பதுதான் செய்தி. 2021 புத்தாண்டு அன்று அது 1.1 டிகிரிக்கு இறங்கியபோது நாடு முழுக்கப் பேசினார்கள். 2006 ஜனவரியில் 0.2 வரை போனதையும், 1935-ல் மைனஸ் 0.6 ஆனதையும் தோண்டியெடுத்துப் போட்டார்கள். டில்லியின் சிங்கு, டிக்ரி எல்லைகளில் வேளாண் சட்டங்களை எதிர்த்து டிராக்டர் டிரெய்லருக்குள் படுத்துக்கொண்டு போராடிய விவசாயிகளுக்கு அந்த 1.1 வெறும் செய்தி இல்லைதான். ஆனால் வீடு வாசல் உள்ளவர்களுக்கு அது விடியற்காலையில் ரஜாய் என்கிற பஞ்சு மெத்தைப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது வந்து போகிற எண். எழுந்து பல் தேய்ப்பதற்குள் ஏறத் தொடங்கிவிடும்.

டில்லியில் ஆளை அடித்துப் போடுவது ராத்திரிக் குளிர் இல்லை, பகல் குளிர். 2019 டிசம்பர் 30-ஐ இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு சப்தர்ஜங்கில் பகலின் அதிகபட்சமே 9.4 டிகிரி. வழக்கமாக அந்த நாட்களில் 20-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. 1901-லிருந்து உள்ள கணக்கில் டிசம்பரில் அவ்வளவு குளிர்ந்த பகல் இருந்ததில்லை என்றது வானிலைத் துறை. அதுவும் ஒரு நாள் கூத்து இல்லை. அந்த மாதத்தின் பின்பாதி முழுக்கவே சூரியன் லீவில் போய்விட்டது. காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் ஜன்னலுக்கு வெளியே ஒரே சாம்பல் நிறம்தான்.

இங்கே குளிர் இரண்டு விதமாக வரும். மேற்கத்திய இடையூறு என்கிற, மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழைமேகக் கூட்டம் ஒன்று வந்து காஷ்மீரிலும் இமாச்சலிலும் பனியைக் கொட்டிவிட்டுப் போகும். பின்னாலேயே வடமேற்கிலிருந்து உலர்ந்த குளிர்காற்று இறங்கும். வானம் துடைத்து விட்டாற்போல் இருப்பதால் தரையின் சூடெல்லாம் இரவில் மேலே போய்விடும். குறைந்தபட்சம் மூன்று, நான்கு என்று விழும். ஆனால் மறுநாள் நல்ல வெயில் அடிக்கும். அந்த வெயிலுக்காகவே டில்லிக் குளிரை நேசிக்கலாம். மதிய இடைவேளையில் அரசு அலுவலகக் குமாஸ்தாக்கள் புல்வெளியில் வரிசையாக உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருப்பார்கள். கோப்புகள் காத்திருக்கும்.

இரண்டாவது விதத்தில் பஞ்சாபிலிருந்து பீகார் வரைக்கும் சமவெளி முழுக்க மூடுபனியும் தாழ்ந்த மேகமும் மூடிக்கொள்ளும். ராத்திரி பெரும்பாலும் ஏழு, எட்டுக்குக் கீழே போகாது. ஆனால் பகலும் பன்னிரண்டு, பதின்மூன்றைத் தாண்டாது. வானிலைத் துறை இதைத் தனியாகக் கணக்கு வைக்கிறது. குறைந்தபட்சம் பத்து டிகிரிக்குள் இருந்து, பகலின் அதிகபட்சம் இயல்பைவிட 4.5 டிகிரி குறைந்தால் 'குளிர் நாள்'. 6.4-க்கு மேல் குறைந்தால் 'கடும் குளிர் நாள்'. தலைப்புச் செய்தியில் இதற்கு இடமில்லை. சித்தப்பாவிடமும் மதிப்பில்லை.

நாள்கணக்கில் வெயில் படாவிட்டால் வீட்டுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நான் இருப்பது டில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய பழைய டிடிஏ ஃபிளாட். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, மொசைக் தரை, கதவுக்கு அடியில் கரப்பான் தாராளமாக வந்துபோகிற இடைவெளி. மே மாதத்தை மனதில் வைத்துக் கட்டிய வீடு. முதல் இரண்டு நாள் சுவர் தாக்குப் பிடிக்கும். அப்புறம் சுவரே குளிர்ந்துவிடும். அதற்குப் பிறகு ஹீட்டர் போட்டாலும் காற்றுதான் சூடாகும். சுவரும் தரையும் பக்கத்தில் இருப்பவரின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். முன்பக்கம் ஹீட்டரில் வேகும், முதுகு விறைக்கும். மதியம் வெளியே போனால் உள்ளே இருப்பதைவிடத் தேவலாம் என்று தோன்றும். இட்லி மாவின் கதையைக் கேட்கவே வேண்டாம். பழைய ஸ்வெட்டரைச் சுற்றி, ஓவன் அடுப்புக்குள் வைத்து விளக்கைப் போட்டுவிட்டாலும், மறுநாள் திறந்து பார்த்தால் ஒரு குமிழ்கூட இல்லாமல் அரைத்து வழித்த கோலத்திலேயே இருக்கும்.

டொராண்டோவில் இருக்கும் என் அத்தை மகன் வெளியே மைனஸ் இருபது இருக்கும்போது வீட்டுக்குள் டி-ஷர்ட்டோடு வீடியோ கால் பேசுவான். நான் பிளஸ் எட்டில் குரங்குக் குல்லா, மஃப்ளர், இரண்டு ஸ்வெட்டர் சகிதம் உட்கார்ந்திருப்பேன். அவன் சிரிப்பான். நியாயமாகப் பார்த்தால் நான்தான் அவனைவிடக் குளிரில் வாழ்கிறேன். வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் குளிர்நாடுகளுக்குச் சொன்னது. அந்த 2019 டிசம்பரில் எங்கள் படுக்கையறையில் தெர்மாமீட்டர் காட்டியது 12. அவ்வளவு தூரம் போவானேன், காஷ்மீரிகளையே பாருங்கள். டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் சில்லாய் கலான் என்கிற கடுங்குளிர் காலம். அதற்கென்றே ஃபெரன் அங்கி, அதற்குள் தணல் போட்ட காங்கிரிச் சட்டி, வசதியுள்ளவர்கள் வீட்டில் அடியிலிருந்து தரையைச் சூடேற்றும் ஹமாம். எங்கள் ஊரில் அப்படி எதுவும் கிடையாது. 2018-ல் வீடுகளுக்கென்று வந்த மின்சிக்கனக் கட்டட விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதாவும், டில்லி மாதிரியான இடங்களில் சுவர் வழியாக வெப்பம் உள்ளே வருவதைக் குறைக்கச் சொல்கிறதே தவிர, உள்ளே இருக்கும் சூட்டைக் காப்பாற்றுவதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை.

ஹீட்டர் போட வேண்டியதுதானே என்பார்கள். 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட் தின்னும். நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 300 யூனிட். 2019 ஆகஸ்டிலிருந்து இங்கே 200 யூனிட் வரைக்கும்தான் கட்டணம் இல்லை. அதனால் பல வீடுகளில் ஹீட்டர் என்பது குழந்தை குளிக்கும்போது பத்து நிமிடம் போடுகிற சமாச்சாரம். அதுவும் இல்லாதவர்கள் அங்கீட்டி என்கிற கரியடுப்பில் கரியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஒவ்வொரு ஜனவரியிலும் அப்படி இறந்துபோன ஒரு குடும்பத்தின் செய்தி உள்பக்கத்தில் வரும்.

வெயில் கொல்லும் என்பதை அரசாங்கங்கள் இப்போது ஒருவழியாக ஒப்புக்கொண்டு, ஊர் ஊராக வெப்பத் தடுப்புத் திட்டம் போடுகின்றன. நல்லது. குளிருக்கு அதில் பாதி அக்கறையாவது உண்டா? 2015-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு 13 நாடுகளில் 7.4 கோடி இறப்புகளைப் பார்த்தது. அதில் குளிரோடு தொடர்புடையவை 7.29 சதவீதம், வெப்பத்தோடு தொடர்புடையவை 0.42 சதவீதம். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை, வாஸ்தவம். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது வேறு: பெரும்பாலான இறப்புகள் உச்சக் குளிரில் நடக்கவில்லை. யாரும் பொருட்படுத்தாத நடுத்தரக் குளிரில், நாள்பட நடந்தவை. சித்தப்பா "அவ்வளவுதானா" என்கிற அதே டிகிரிகளில்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். துளைப்பதற்குத் தரையும் மச்சும் இருப்பவர்களின் கவலை அது. எய்ம்ஸ் வாசலில், சிகிச்சைக்கு வந்த சொந்தக்காரருக்காகக் காத்திருந்து நடைபாதையிலும் சுரங்கப்பாதையிலும் படுக்கிறவர்களை அந்தப் பக்கம் போகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். இரவுத் தங்குமிடங்கள் இருக்கின்றன. 2010-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது. ஆனால் அவற்றின் பெயரே சொல்கிறது, அவை ராத்திரிக்கானவை. அதிகபட்சமே ஒன்பது டிகிரி என்கிற பகலில் அந்த ஆள் எங்கே போய் உட்காருவார்? மார்கழி விடியலில் ஆர்.கே. புரம் மலை மந்திரில் கருங்கல் தரையில் வெறுங்காலோடு நின்றால் கால் மணி நேரத்தில் பாதம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். நமக்கு அதற்கப்புறம் சுடச்சுடப் பொங்கல், காரில் ஹீட்டர். அவருக்கு நாள் முழுக்க அதே தரை.

எங்கள் காலனியில் வாட்ச்மேன் ராத்திரியில் சருகு, அட்டைப்பெட்டி, சில சமயம் பிளாஸ்டிக் என்று கிடைத்ததைப் போட்டு எரிப்பார். மாசு அதிகமாகும் நாட்களில் அமலுக்கு வரும் விதிகளின்படி, காவலர்களுக்குக் குடியிருப்போர் சங்கமே மின்சார ஹீட்டர் கொடுக்க வேண்டும். இதைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று மணிக்கணக்கில் விவாதம். ஒருவர், "அவங்க எல்லாம் பீகார்க்காரங்க, குளிர் பழகியிருக்கும்" என்றார். சொன்னவர் கழுத்திலிருந்து காது வரை சால்வை. கடைசியில் ஒரு வழியாக ஹீட்டர் வாங்க ஒப்புக்கொண்டார்கள். பெட்டியும் வந்து இறங்கியது. வாட்ச்மேன் பிரித்துப் பார்த்துவிட்டு, "சாப், இதை எங்கே சொருகறது?" என்று கேட்டார். அவருடைய கூண்டில் பிளக் பாயிண்ட் கிடையாது. எலெக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.