ஹூஸ்டன் வெயில் மட்டும் சென்னை மாதிரி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் நகரின் வானிலை சென்னை மாதிரிதான், நம்மவர்கள் எளிதாகப் பழகிவிடலாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி என்ற மாவட்டத்தின் ஆகஸ்டுக்கு அது சரி. பகலில் 35 டிகிரி, நிழலில் நின்றாலும் சட்டை ஒட்டும். காலையில் ஏசி வீட்டிலிருந்து வெளியே வந்தால், குளிர்ந்த மூக்குக்கண்ணாடியில் மெக்சிகோ வளைகுடாவின் ஈரம் படிந்து ஒரு நிமிடம் எதுவும் தெரியாது. கடல் 80 கிலோமீட்டர் தள்ளி கால்வெஸ்டனில் இருப்பதால் சென்னையின் மாலைக் காற்றை இங்கே எதிர்பார்க்க முடியாது.

குளிர்காலம்தான் வேறு கதை. வடக்கே தடுக்க மலை கிடையாது, கனடாக் குளிர்காற்று நேராக இறங்கிவிடும். 2021 பிப்ரவரியில் மைனஸ் 10 டிகிரி வரை போனது. மின்சாரமும் இல்லாமல், குழாய்கள் வெடித்துக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிய வீடுகள் ஏராளம். புதிதாக வருபவர்கள் வீட்டின் தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே என்று முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் புயல். 2024 ஜூலையில் பெரில் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. காற்றைவிட, அதற்குப் பிந்தைய ஏசி இல்லாத புழுக்கம்தான் முதியவர்களை வாட்டியது. பெற்றோரை அழைத்து வருபவர்கள் ஜூன் முதல் நவம்பர் வரை இதை யோசித்தே டிக்கெட் போடுங்கள்.