காதை மட்டும் காட்டும் அம்மா

"போனில் முகம் பார்ப்பதெல்லாம் ஒரு உறவா? நேரில் போய்ப் பார்ப்பதுதான் முறை." போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் என்னிடம் சொன்னது இது. அந்த நேரம் பார்த்துப் பாயசம் வந்துவிட்டதால் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு நீலகிரியில் பந்தலூர் பக்கம், சேரம்பாடி. இங்குள்ள பலரைப் போல நாங்களும் சிலோனிலிருந்து வந்த குடும்பம். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதினார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போதுகூட கூடையின் எடையைக் கழித்துவிட்டுத்தான் கணக்கெழுதுவார்கள். இந்தக் கணக்கில் எதையும் கழிக்கவில்லை. பெரியம்மா இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார், புகுந்த வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டவர்கள். அம்மா, தாத்தா பாட்டியோடு இந்தியப் பக்கம் விழுந்தார். 1972-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அவருக்கு வயது பதினெட்டு. ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு தொடங்கிய இந்தத் தேயிலைத் தோட்டம். அந்த லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) இந்த லயத்துக்கு.

நேரில் போகலாம்தான். ஆனால் எண்பதுகளில் இலங்கையில் போர் வந்து அந்தக் கப்பலும் நின்றுபோனது. விமானத்தில் போக, தோட்டக் கூலியில் எத்தனை மாதம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்து இலைக்காரரே கணக்குப் போடட்டும். ஆகவே நீலநிறக் கடிதம்தான். பாட்டி இறந்த செய்தி பெரியம்மா கைக்குப் போனபோது இங்கே பதினாறாம் நாள் காரியமே முடிந்திருந்தது.

2019-இல் பெரியம்மாவின் பேரன் முதன்முறையாக வீடியோவில் அழைத்தான். அம்மா வழக்கம்போல போனைக் காதில் வைத்துக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் இறக்கவில்லை. நாற்பத்தேழு வருடம் கழித்துத் தங்கையைப் பார்க்க உட்கார்ந்த பெரியம்மாவுக்குத் தெரிந்தது ஒரு காது மட்டும்தான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: "அது நம் அம்மாவின் தோடுதானே?"

சிவப்புக் கல் தோடு, ஒரு கல்லில் சின்னக் கீறல் இருக்கும். அம்மா போனை இறக்கவே இல்லை. இறக்கியிருந்தால் அழுவது தெரிந்திருக்கும்.

அதன் பிறகு கற்றுக்கொண்டோம். கற்றுக்கொண்டது போனை இயக்குவதை அல்ல (அம்மாவுக்கு இன்றும் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் தவிர எதுவும் தெரியாது), பேசாமல் இருப்பதை. இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான், அடுப்பு மூட்டும் நேரமும் ஒன்றுதான். அம்மா உப்பு ஜாடியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுத் தேங்காய் ரொட்டி தட்டுவார். அங்கே பெரியம்மா வெங்காயம் உரிப்பார். பத்து நிமிடம் பேச்சே இருக்காது. திடீரென்று, "மாசி போடாமல் என்னடி சம்பல்?" என்று அதட்டல் வரும். மாசிக் கருவாட்டுக்கு இங்கே எங்கே போவது? நெத்திலியைத்தான் வறுத்து இடிக்கிறோம். "அக்காவுக்கு எதைச் செய்தாலும் குற்றம்தான்" என்று முணுமுணுக்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், பதினெட்டு வயதுக்காரி.

என் தம்பி திருப்பூரில் இருக்கிறான். காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் போய்விடலாம். ஞாயிறு தவறாமல் வீடியோவில் வருவான். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, மழையா, சரி வைக்கிறேன். நான்கு நிமிடம். கடமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் வீட்டுச் சுவரின் நிறம்கூட எனக்குத் தெரியாது, ஹட்டனில் பெரியம்மா வீட்டு அம்மிக்கல் எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியும். தூரத்தை மைலில் அளப்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? விசாரிப்பதற்காக மட்டும் கூப்பிடாதே என்றுதான் தம்பியிடம் சொல்கிறேன். போனை எங்காவது சாய்த்து வைத்துவிட்டு உன் வேலையைப் பாருடா, நாங்கள் எங்கள் வேலையைப் பார்க்கிறோம். அவனுக்கு இது கிறுக்குத்தனமாகப் படுகிறது.

மலையில் இதற்கும் சோதனை உண்டு. ஆடி மழையில் கரண்ட் போனால் சிக்னலும் கூடவே போகும். கோயில் மேட்டுக்கு ஏறினால் கிடைக்கும், ஆனால் பொழுது சாய்ந்தபின் யானைக்குப் பயந்து யாரும் ஏறுவதில்லை. ஒருநாள் மாலை ஐந்து மணிக்கே குடையோடு கிளம்பிய அம்மாவைப் பாதி வழியில் இழுத்துவந்தேன்.

போன வியாழக்கிழமை பகலில் பெரியம்மா பேசிக்கொண்டே நாற்காலியில் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. "வைத்துவிடவா?" என்றேன். "வேண்டாம், எழுந்தால் தேடுவாள்" என்று சொல்லிவிட்டு அம்மா அரிசியில் கல் பொறுக்கினார். சார்ஜ் குறைந்திருந்தது, வயரைச் செருகினேன். முக்கால் மணி நேரம் அக்கா தூங்க, தங்கை கல் பொறுக்க, கடைசியில் அன்றைய டேட்டா தீர்ந்து தானாகவே துண்டித்துக்கொண்டது. இரவு வரை திட்டு எனக்குத்தான்.