பம்பைக்காரருக்கு எந்தப் பந்தி?

காட்பாடிப் பக்கம் சில பிள்ளைகள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையடிவாரத்தில் கூடுகிறார்கள். நடுவில் நெருப்பு, சுற்றிலும் ஜெம்பே என்கிற ஆப்பிரிக்கக் கைக்கொட்டு, டோலக், ஒன்றிரண்டு பறை. 'டிரம் சர்க்கிள்' என்கிறார்கள். சாமியார், உண்டியல், சாதிச் சங்கம் எதுவும் இல்லாமல் மண்ணையும் மழையையும் நெருப்பையும் கும்பிடுகிற ஒரு கூட்டத்தை உருவாக்க வேண்டுமாம். வெளிநாட்டில் பேகன்கள் செய்வது போல ஆண்டுக்கொரு திருவிழாவும் நடத்த வேண்டுமாம். நல்ல ஆசைதான். எனக்கு அதில் ஒரே ஒரு சண்டை இருக்கிறது, நம்ம ஊர்க் கொட்டுக்காரரைப் பற்றி. அதைச் சொல்லத்தான் இந்த நீளப் பதிவு.

பேகன்கள் என்றால் யார் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிறித்துவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களையும் பருவ காலங்களையும் இந்தக் காலத்தில் மறுபடி வழிபடத் தொடங்கியவர்கள். பிரிட்டனில் சூனியத்துக்கு எதிரான பழைய சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகுதான் அங்கே வெளிப்படையாகப் பேச முடிந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பக்கம் செலீனா ஃபாக்ஸ் என்ற அம்மையார் 1974இல் சர்க்கிள் சாங்சுவரி என்ற அமைப்பைத் தொடங்கினார். 1981இல் ஸ்டார்வுட் என்ற திருவிழா தொடங்கி இன்றுவரை நடக்கிறது. இப்படிப் பல.

அவர்களுக்குப் பெரிய சிக்கல், ஆள் சிதறிக் கிடந்ததுதான். இந்த ஊரில் ஒருத்தர், நூறு மைல் தள்ளி இரண்டு பேர். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் வம்பு என்று வாய் திறக்காதவர்களும் உண்டு. பரம்பரைக் கோயிலும் கிடையாது, பூசாரியும் கிடையாது. அதனால் கோடையில் ஏதாவது ஒரு காட்டில் கூடாரம் போட்டு, சில நாள் சேர்ந்து வாழ்ந்து பார்த்தார்கள். தெய்வம் ஆளுக்கொன்று, மந்திரம் ஆளுக்கொன்று. கொட்டு மட்டும்தான் எல்லாருக்கும் பொது. ராத்திரி நெருப்பைச் சுற்றி ஒருவர் அடித்தளமாக ஒரு தாளம் போடுவார். மற்றவர்கள் அதன்மேல் ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். ஆடுகிறவர்கள் நெருப்புக்கும் கொட்டுக்கும் நடுவே சுற்றுவார்கள். விடியும்வரை ஓடும். அந்தக் கொட்டு பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவின் ஜெம்பே. நைஜீரியாவிலிருந்து போன பாபாதுண்டே ஒலாதுஞ்சி போன்றவர்கள் அமெரிக்கர்களின் கையை ஏற்கெனவே பழக்கி வைத்திருந்தார்கள். ஐரோப்பாவின் பழைய சாமிக்கு ஆப்பிரிக்கக் கொட்டா என்று சிரிக்க வேண்டாம். நம்ம ஊர் மாப்பிள்ளை அழைப்பில் பேண்டு வாத்தியம் வரும்போது யாரும் சிரிப்பதில்லை.

ஆனால் அவர்கள் கூட்டம் நிலைத்ததற்குக் கொட்டு மட்டும் காரணமில்லை. இந்தத் திருவிழாக்கள் பலவற்றில் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, முறை வேலையும் செய்ய வேண்டும். வாசலில் காவல், குப்பை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, முதலுதவி, ஏதோ ஒன்று. நெருப்புக்கும் ஒழுங்கு உண்டு. அதில் சிகரெட் துண்டைப் போடக்கூடாது, அடுத்தவர் கொட்டைக் கேட்காமல் தொடக்கூடாது, ஆடுகிறவரைக் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது. நம்ம பிள்ளைகள் வீடியோவில் பார்த்தது நெருப்பையும் ஆட்டத்தையும்தான். குப்பை அள்ளுகிற முறையை எவர் வீடியோ போடுவார்?

சரி, இப்போது நம்ம பக்கம் வருவோம். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது, 2019இல் வேலூர் மறுபடி மூன்றாகப் பிரிந்தது. ஆனாலும் திருவிழா மட்டும் பிரியவில்லை. மாசி மாதம் மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரையில் நின்று பாருங்கள். சிவராத்திரிக்கு அடுத்த அமாவாசை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் அங்காளம்மன் தேரில் வருகிறாள். காளி வேஷம் போட்டவர்கள் முன்னால் ஆடி வருகிறார்கள். கொழுக்கட்டை, சுண்டல், காய்கறி எல்லாம் கூட்டத்தின் மேல் சூறையாக விழுகிறது. இல்லை, கோடையில் ஏதாவது திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போங்கள். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான், களிமண்ணில் செய்த துரியோதனன் படுகளத்தில் மல்லாந்து கிடப்பான், கடைசியில் தீமிதி. வரி போடுவதில் இருந்து கூத்துக்காரருக்குச் சோறு போடுவது வரை முறை வைத்துச் செய்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. பேகன்கள் ஒன்றுமில்லாத இடத்தில் அரும்பாடுபட்டுக் கட்டிக்கொண்டது இது. நமக்கு அப்பன் பாட்டன் காலத்திலேயே இருக்கிறது.

பம்பை பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் டிரம் சர்க்கிள் பிள்ளைகள் அதன் பக்கமே போகவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டைக் கொட்டு அது. கூடவே உடுக்கை, கைச்சிலம்பு. பம்பைக்காரர் அம்மனை வர்ணித்துப் பாடிக்கொண்டே அடிப்பார். அவர் கண் பம்பையில் இருக்காது. எதிரே நிற்கிற ஆளின் முகத்தில் இருக்கும். கழுத்து லேசாக ஆடுகிறதா, கண் சொருகுகிறதா, கால் தரையில் நிற்கிறதா என்று பார்ப்பார். சாமி வரும் போல இருந்தால் அடியை நெருக்குவார். வந்து ஆள் கட்டுக்கு மீறினால் நிதானத்துக்கு இழுப்பார். பொய்யாக ஆடுகிறவரையும் அவருக்குத் தெரியும், அதற்கும் ஒரு அடி வைத்திருக்கிறார். ஒரு கூட்டத்தின் மூச்சைத் தன் விரலில் வைத்திருக்கிற ஆள் என்றால் அவர்தான். ஆன்மிகப் பயிற்சி முகாம்களில் பெரிய தொகை வாங்கிக்கொண்டு கற்றுத்தருவதாகச் சொல்வதை, எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டே செய்வார்.

என் சண்டை இங்கேதான் வருகிறது. இப்படிப்பட்ட ஆளை நாம் எங்கே உட்கார வைத்திருக்கிறோம்? சாமி வரும்வரை அவர் நடுவில். வந்து, குறி சொல்லி, மலையேறியதும் அவர் ஓரத்துக்குப் போய்விடுகிறார். ஊர்ப் பந்தி முடிந்தபிறகு அவருக்கு இலை. சில இடத்தில் இலைகூட இல்லை, பொட்டலம். பறையடிக்கிறவர் நிலைமை இன்னும் மோசம். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி முறுக்கேற்றுவது தெருமுனையில், அடிப்பது வாசலுக்கு வெளியே, கூலிக்குப் பேரம் நடுத்தெருவில். திருவிழா நோட்டீசில் கவுன்சிலர் பெயர், மைக்செட் பெயர், பந்தல்காரர் பெயர் எல்லாம் இருக்கும். கொட்டுக்காரர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

குடியாத்தம் சிரசுத் திருவிழா எல்லாருக்கும் தெரியும். வைகாசி முதல் நாள், தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் தலை ஊர்வலமாகக் கிளம்பும். வழியெல்லாம் தேங்காய் உடையும், சிலம்பம், புலியாட்டம். கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்குப் போய், அங்கே இருக்கிற சண்டாளச்சி உடலில் தலையைப் பொருத்துவார்கள். பரசுராமனின் தாய் ரேணுகாவின் தலை வெட்டுப்பட்டு, தாழ்த்தப்பட்ட ஒருத்தியின் உடலோடு சேர்ந்த கதை. லட்சக்கணக்கில் ஜனம் வந்து கையெடுத்துக் கும்பிடுவது அந்த உடம்பைத்தான். சாமிக்கே சாதி கலந்த உடம்பு கொடுத்துக் கும்பிடுகிற ஊர்க்காரர்கள் நாம், கொட்டு அடித்தவருக்குப் பக்கத்தில் இலை போட யோசிக்கிறோம். இதற்கு எந்தப் பெரியமனுஷனும் எனக்குப் பதில் சொன்னதில்லை. "வழக்கம்பா" என்பதோடு முடித்துவிடுவார்கள்.

இதனால்தான் பல சேரிகளில் பறையைத் தூக்கி வைத்துவிட்டார்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம், ஊர்த் திருவிழாவுக்கும் வர மாட்டோம் என்று மறுத்து, அதற்காக அடியும் ஊர்விலக்கமும் வாங்கியவர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. அவர்கள் பிள்ளைகள் பறையைத் தொடவில்லை என்றால் அதில் எனக்கு வருத்தமே கிடையாது. இன்னொரு பக்கம், அதையே கலையாக, உரிமையாக மறுபடி கையில் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார்கள். மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்த இரண்டு முடிவும் அவரவர் எடுத்தது. மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு 'பறை நம்ம ஆதி இசை' என்று நாம் எடுக்கிற முடிவு மூன்றாவது வகை. கையில் பறை இருக்கிறது, அதற்காக அடி வாங்கியவர் பக்கத்தில் இல்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருவனிடம் இதைச் சொன்னேன். "அண்ணா, எங்க வட்டத்துல சாதியே கேக்கறதில்ல" என்றான். கேட்பதில்லை, சரி. வருகிறவர்கள் யார்? பைக் வைத்திருக்கிறவன், ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் கேள்வி கேட்காதவன், பல ஆயிரம் கொடுத்து ஜெம்பே வாங்க முடிந்தவன். சாதி கேட்காமலே வட்டம் சல்லடையாகிவிடுகிறது. பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டதற்கும் இழுத்தான். இந்த விஷயத்தில் பழைய திருவிழாவும் ஒன்றும் உசத்தி இல்லை; பெண்ணுக்குச் சாமி வரலாம், ஆனால் பம்பை ஆண்கள் கையில்தான்.

எங்கள் பக்கத்துப் பெரியவரிடமும் பேச்சுக் கொடுத்தேன். வட்டமாக உட்கார்ந்து ஆளாளுக்கு அடிப்பார்களாம் என்றதும், "இன்னாத்துக்கு நைனா? யாருக்கு சாமி வரணும்?" என்றார். யாருக்கும் இல்லை, சும்மா சந்தோஷத்துக்கு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாமியே வராம வுடியிற மட்டும் அடிக்கணும்னா கை நோவுமே. கூலி இன்னா?" என்றார். இதைவிட நியாயமான கேள்வி என் காதில் விழுந்ததில்லை.

அதனால் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பெரியவரைக் கூப்பிடுங்கள். 'கிராமியக் கலைஞரைக் கௌரவிக்கிறோம்' என்று பொன்னாடை போர்த்தி அனுப்புகிற வேலை வேண்டாம். வாத்தியாராகக் கூப்பிடுங்கள். வெளியூர் பயிற்றுநருக்குக் கொடுக்கிற அதே பணத்தை, பேரம் பேசாமல், முன்கூட்டியே கொடுங்கள். அடித்தளத் தாளம் அவர் போடட்டும், நீங்கள் மேலே ஏற்றுங்கள். அவர் பேத்தியும் வரலாம் என்று சொல்லுங்கள். சாப்பாடு ஒரே பாயில், ஒரே நேரத்தில். பாத்திரம் கழுவுகிற முறையில் அவரைச் சேர்க்காதீர்கள், வயசாகிவிட்டது. மற்ற எல்லாரையும் சேர்த்துவிடுங்கள், ஜெம்பே வைத்திருக்கிறவனை முதலில். வர மாட்டேன் என்று அவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்பக் கேட்டு அவரை நெருக்க வேண்டாம்.

இன்னொன்று, ஆடியில் கேட்காதீர்கள். கூழ் ஊற்றுவதற்கும் காப்பு கட்டுவதற்கும் அந்த மாதம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பார், நாலு காசு பார்க்கிற மாதம் அதுதான். புரட்டாசியில் அம்மன் கோயில் வேலை குறைவு, கல்யாணமும் கிடையாது. அப்போது கேளுங்கள்.