மேயருக்கு நாம் ஓட்டுப் போடவில்லை
சிங்கப்பூரின் தென்கிழக்கு வட்டாரத்துக்கு முதன்முறையாக நாமே ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுத்தோம் என்று ஒரு செய்தி பகிரப்படுகிறது. அப்படி இல்லைங்க. வட்டாரத்துக்கு ஒன்றாக இயங்கும் சமூக மேம்பாட்டு மன்றங்களின் ஐந்து மேயர்களும் நியமிக்கப்படுபவர்கள். குழப்பம் எங்கே வருகிறது என்றால், அவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களாகவும் இருக்கிறார்கள். தென்கிழக்கு வட்டார மேயர் திரு தினேஷ் வாசு தாஸ் 2025 மே 3 பொதுத்தேர்தலில் ஈஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில் (பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் தொகுதி) வென்றது நாடாளுமன்ற உறுப்பினராக மட்டுமே. மேயர் பொறுப்பை மே 21 அன்று புதிய அமைச்சரவையோடு சேர்த்துப் பிரதமர் அறிவித்தார். பிரதமர் அலுவலக இணையத்தளத்தில் அந்த அறிவிப்பைத் தேடிப் படிக்கலாம். அப்புறம், தேர்தல் அன்று கையில் வாங்கிய வாக்குச்சீட்டை நினைத்துப் பாருங்கள்: கட்சியின் பெயர், சின்னம், வேட்பாளர்களின் படங்கள். மேயர் என்ற சொல்லே அதில் கிடையாது. பகிர்ந்தவர்கள் தயவுசெய்து திருத்திவிடுங்கள். முதன்முறை ஓட்டுப் போட்ட பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.