பணம் போனதா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள்
அழகான திரை பயன்படுத்தவும் சுலபமாக இருக்கும், அதற்கு ஜப்பானிய ஏடிஎம் ஆய்வே சாட்சி என்று, செயலிகளில் உணர்ச்சியைத் தொடும் வடிவமைப்பு பற்றிய இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஆய்வில், 1995-இல், குரோசு, காஷிமுரா என்ற இரு ஆய்வாளர்கள் 26 ஏடிஎம் திரை அமைப்புகளை 252 பேரிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். அழகானவை சுலபமானவையாகவும் தெரிந்தன, அவ்வளவுதான். பார்த்தவுடன் தோன்றுவது வேறு, வேலையை முடித்தபின் தோன்றுவது வேறு. போன மாதம் நள்ளிரவில் அம்மாவின் மருத்துவமனைக் கட்டணத்தை ஒரு செயலியில் கட்டினேன், பாதியில் நின்றுவிட்டது, திரையில் கண் சிமிட்டும் ஒரு குட்டிப் பொம்மையும் 'அச்சச்சோ, ஏதோ தப்பாயிடுச்சு!' என்ற ஒரு வரியும் மட்டும். பணம் போய்விட்டதா, மறுபடி கட்டலாமா, ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பொம்மையைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதறிப்போய் இருப்பவரிடம் கொஞ்சுவது அன்பு இல்லை. 'பணம் பிடிக்கப்படவில்லை, மறுபடி முயலலாம்' என்று வெறும் எழுத்தில் போட்டிருந்தால் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பேன், அதுவும் உணர்ச்சியைத் தொடும் வடிவமைப்புதானே? அதற்காக, இங்கே மேலே கருத்துகளில் ஒருவர் எழுதியதுபோல உணர்ச்சியே வேண்டாம், வேலை நடந்தால் போதும் என்றும் சொல்ல மாட்டேன். மேக் கணினியில் கடவுச்சொல் தப்பானால் அந்தப் பெட்டி தலையாட்டி மறுப்பதுபோல இடமும் வலமும் அசையும் பாருங்கள், என்ன நடந்தது என்பது ஒரு எழுத்துகூட இல்லாமல் புரிந்துவிடுகிறது, திட்டு வாங்கியதுபோலவும் இருப்பதில்லை.