காசிமேட்டை மேலிருந்து காட்டிய ஏடிஆர்

ஜம்போ 747-க்கு ஈடான விமானம் இல்லை என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். 1969-இல் முதன்முதலாகப் பறந்து, 1,500-க்கு மேல் தயாரான விமானம்; அதன் கம்பீரத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மனசு ஏடிஆர் 72 என்ற சின்ன ப்ரொபெல்லர் விமானத்தின் பக்கம்தான். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே எதையும் மறைக்காது. ஜெட் விமானம் மாதிரி 35,000 அடிக்கு ஏறாது, 25,000 அடிக்குள்தான் பறக்கும். ஊர், ஏரி, ரோடு எல்லாம் அடையாளம் தெரியும். இறங்கும்போது சக்கரம் வெளியே வருவதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

போன வருஷம் அப்பாவை இதில்தான் விஜயவாடாவுக்கு அழைத்துப் போனேன். அவருக்கு முதல் விமானப் பயணம். மீனம்பாக்கத்தில் கிளம்பி, கடலுக்கு மேல் போய் இடதுபக்கம் திரும்பியதும் துறைமுகம் தெரிந்தது. முப்பது வருஷம் அங்கே கிரேன் ஓட்டியவர் அவர். "டேய், அதோ நம்ம ஹார்பர்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் காசிமேட்டுப் படகுகள், எண்ணூர் புகைபோக்கிகள். பழவேற்காடு ஏரி தாண்டும்வரை ஜன்னலை விட்டு அவர் முகத்தை எடுக்கவே இல்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் இடதுபக்க ஜன்னல் சீட்டையே கேட்டு வாங்குங்கள்.

- தண்டையார்பேட்டை வாசகர்